கீழ்ப் பேரிங்

நீக்கிலாப்பிள்ளையிடம் மெசின் இருந்தது. படகு இல்லை.

பியர்பொன்ட்ஸில் அவரை அறிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சீலை இல்லாதவள் சட்டைக்கு ஊசி தேடின கதை என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

"படகு மரம். இல்லாட்டித் தகரம். மெசின்தான் சீவன்" என்பார்.

நாற்பது குதிரைவலு. இரண்டு சிலிண்டர். படகின் பின்பலகையில் மாட்டுகிற வகை. லஷீனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கராச்சில் உயிரில்லாமல் கிடந்தது. வாங்கிவந்து, பிஸ்ரன் மாற்றி, வளையம் மாற்றித் தன் கையாலேயே எழுப்பினார். கோடையில் அதைப் பேரின்பநாதனின் அலுமினியப் படகில் மாட்டி ஆற்றில் ஓடுவார். பேரின்பநாதனிடம் இருபது குதிரைவலுவில் சொந்த மெசின் ஒன்று இருந்தது, புதியது. என்றாலும் நீக்கிலாப்பிள்ளை வருகிற நாளில் புது மெசின் கழன்று கரையில் கிடக்கும்.

இருவரும் டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி ஏற்றியவர்கள். பேரின்பநாதன் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். நீக்கிலாப்பிள்ளை பேசாலைக் கத்தோலிக்கர். வயதில் மூத்தவர். விமானத்தடியில் நிற்பவர்களுக்குக் காதுமூடி கொடுப்பார்கள். பேரின்பநாதன் போடுவார். நீக்கிலாப்பிள்ளை அதைக் கழுத்தில் தொங்கவிடுவார்.

"காதை மூடினா எஞ்சின் என்ன சொல்லுதெண்டு என்னெண்டு தெரியும்?"

"அண்ணை, அது பிளேன். அது உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

அப்படியே பதினேழு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டுக் கோடையில், மாதா பெருநாளுக்கு ஆற்றுப் பவனி வைப்பதென்று பங்கில் முடிவாயிற்று. சுரூபம் படகில் ஏறி ஆற்றில் ஒரு சுற்று வரும். சனம் மெழுகுதிரியோடு கரையில் நிற்கும். அந்தப் பங்கில் இது முதல் தடவை. பேரின்பநாதன் படகைத் தருவதாகச் சொன்னார். அவர் வருடாவருடம் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர். நேர்த்திக்கடன். கோயிலில் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

"மெசின்?" என்றார் பங்குத்தந்தை.

நீக்கிலாப்பிள்ளை எழுந்து நின்றார். வேறு ஒருவரும் எழும்பவில்லை.

பங்குத்தந்தை இளையவர். நீந்தத் தெரியாதவர். கீழே றொக்ஸ்பரோப் பக்கம் ஆறு கல்லில் இறங்கி வெள்ளையாகப் பாய்வதை அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நடு ஆற்றில் மெசின் நின்றால் மாதா அங்கேதான் போய்ச் சேருவா என்றார். கூடவே தானும் என்று சொல்லவில்லை. சபைக்கு விளங்கிற்று.

"மெசின் தெரிஞ்ச ஆள் ஒராள் பாத்துச் சரி எண்டு சொல்லவேணும். சொன்னால் இறக்குவம்."

"என்ர மருமகள் பாப்பாள்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "படிச்சுப் பத்திரம் எடுத்தவள். அவள் சொல்லுறதுதான் முடிவு. நான்கூட அதுக்கு மேல கதைக்கமாட்டன்."

சபை கை தட்டியது. அவர் இருந்தார். தன் மெசினுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தார்.

மருமகள் ஜெசிக்கா. மகன் டனிஸ்ரனைக் கட்டி மூன்று வருடம். ஆற்றங்கரையில் ஒரு மரீனாவில் படகு மெசின் திருத்துகிறவள். கலியாணம் பேசிவந்தபோது தரகர் அதை மறைத்துவிட்டார். மரீனாவில் கந்தோர் வேலை என்றே சொன்னார். பெண் பார்க்கப் போன வீட்டில், தேத்தண்ணித் தட்டை நீட்டிய விரல்களின் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. நீக்கிலாப்பிள்ளை கண்டுவிட்டார். கிறீஸ்.

"பிள்ளை என்ன வேலை?"

பெண்ணின் தாய் முகம் வெளிறினா. ஜெசிக்கா உள்ளதைச் சொன்னாள்.

அதன்பிறகு இரண்டு மணித்தியாலம் மாமனும் மருமகளும் காபரேற்றரைப் பற்றிக் கதைத்தார்கள். மாப்பிள்ளையை ஒருவரும் கவனிக்கவில்லை. டனிஸ்ரன் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன். பிளக் எது, திருகாணி எது என்று அவனுக்குத் தெரியாது. திரும்பிவரும்போது காரில் நீக்கிலாப்பிள்ளை சொன்னார்: "உனக்குப் பிடிச்சுதோ இல்லையோ, எனக்குப் பிடிச்சுப்போச்சு."

பெருநாளுக்கு ஒரு கிழமை முந்தின சனிக்கிழமை காலை மெசின் பார்த்தார்கள். பியர்பொன்ட்ஸ் வீட்டின் கராச்சில். நீக்கிலாப்பிள்ளை விடியவே எழும்பி மெசினைத் துடைத்து மினுக்கியிருந்தார். மரச்சட்டத்தில் மாட்டி, அதன் கீழ்க்காலைப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தார். பேரின்பநாதனும் வந்து வாளியொன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார். படகையும் வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டுதான் வந்தார். மெசின் சரியென்றால் அப்போதே பூட்டிப் பார்க்கிற யோசனை.

"அண்ணை, மெசினுக்குப் பவுடர் போடேல்லையோ?"

"உனக்குப் போட்டாலும் எடுபடாது. பேசாமல் இரு."

ஜெசிக்கா வேலை உடுப்போடு வந்தாள். மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கயிற்றை இழுத்தாள். ஒரே இழுவை. மெசின் பிடித்தது. நீலப் புகை கராச்சை நிறைத்து வெளியே போயிற்று.

நீக்கிலாப்பிள்ளை பேரின்பநாதனைப் பார்த்தார். ஒரே இழுவை என்பதை அவர் கவனித்தாரா என்று பார்த்தார்.

ஜெசிக்கா மெசினைச் சூடேற விட்டாள். பிறகு நீளமான ஸ்குறூட்ரைவர் ஒன்றை எடுத்தாள். நுனியை மெசினின் உடம்பில் ஊன்றிப் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தாள். மேலே வைத்துக் கேட்டாள். நடுவில் வைத்துக் கேட்டாள். கீழே வைத்துக் கனநேரம் கேட்டாள். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு மறுபடி கீழே வைத்தாள்.

"மாமா, நீங்களும் ஒருக்காக் கேளுங்கோ."

அவர் வாங்கினார். பேசாலையில், கடலில் வருகிற மெசினின் நோயை அது கரைக்கு வருமுன்னே சொல்லுகிறவர் என்று அவருக்குப் பெயர். கண்ணை மூடிக் கேட்டார். ஒரே சீரான முழக்கம். ஒரு குறையில்லை.

"தங்கம்" என்றார்.

"கீழ வைச்சுப் பாருங்கோ."

"வைச்சுத்தான் கேட்டன். சுத்தம்."



"அண்ணை" என்றார் பேரின்பநாதன், இருந்த இடத்தில் இருந்தே. "கீச்செண்டு ஏதோ கேக்குதே."

"அது உன்ர நெஞ்சுக்குள்ள இருந்து வருது. சிகரெட்டை விடு."

அப்போது வீட்டுக்குள் போகிற கதவு திறந்தது. நீக்கிலாப்பிள்ளையின் மனைவி திரேசம்மா வடைத் தட்டோடு நின்றா. முகத்தைச் சுளித்தா.

"இஞ்சாருங்கோ, உந்த விசில் சத்தத்தை நிப்பாட்டுங்கோ. பக்கத்து வீட்டு நாய் நிண்டு குலைக்குது."

நீக்கிலாப்பிள்ளை காதைக் கொடுத்தார். நாய் குலைத்தது கேட்டது. விசில் கேட்கவில்லை.

பேரின்பநாதனைப் பார்த்தார். பகிடி இல்லாத முகம். திரேசம்மாவைப் பார்த்தார். அவ ஒரு காதைத் தோளோடு அழுத்திக்கொண்டு நின்றா. ஜெசிக்காவைப் பார்த்தார். அவள் குனிந்து பீப்பாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டு, பிள்ளை" என்றார்.

கராச் அமைதியாயிற்று. ஸ்குறூட்ரைவரை மேசையில் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். அந்தச் சத்தமாவது தனக்குக் கேட்டிருக்குமா என்று பிறகுதான் யோசித்தார்.

"ஒரு சத்தத்தை வைச்சு மெசினைச் சாக்கொல்ல ஏலாது" என்றார். "கையால பார்."

"கையாலதான் பாக்கப் போறன், மாமா."

பிளக் இரண்டையும் கழற்றினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே உலோகம் தின்னுப்பட்டால் பிளக்கின் நுனியில் மினுமினுப்பாகப் பொட்டுப்பொட்டாக ஒட்டியிருக்கும். இல்லை. அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பேரின்பநாதனிடம் நீட்டினார்.

மெசினின் தலையில் கனத்த சில்லு ஒன்று இருக்கிறது. அது சுழல, கீழே தண்டு சுழலும். அந்தத் தண்டைத் தாங்குகிற பேரிங்குகள் தேய்ந்தால் மெசின் அதிக நாள் ஓடாது. ஓடுகிற ஓட்டத்தில் இறுகி நின்றுவிடும். ஜெசிக்கா சில்லின் விளிம்பில் அளவுமுள் ஒன்றைப் பொருத்தினாள். சில்லை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கம் தள்ளினாள். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது.

"மேல் பேரிங் நல்லம்."

"கணக்குப் பாஸ்" என்றார் பேரின்பநாதன்.

பிளக் இருந்த ஓட்டைக்குள் மரக்குச்சி ஒன்றை விட்டாள். குச்சி பிஸ்ரனின் தலையில் நின்றது. சில்லை முன்னும் பின்னும் துளித்துளியாக ஆட்டினாள். சில்லு அசைந்த அந்தக் கணமே குச்சியும் அசைந்தது. இடையில் பிந்தல் இல்லை. அடுத்த ஓட்டையிலும் அப்படியே.

"நடுவில இருக்கிறதும் நல்லம்."

"விஞ்ஞானம் பாஸ். அண்ணை, நீங்கள் கம்பசுக்குப் போறியள்."

நீக்கிலாப்பிள்ளை வடையொன்றை எடுத்துக் கடித்தார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஜெசிக்கா சில்லில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். கண்ணை மூடினாள். மிக மெதுவாகச் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நின்றாள். பின்னுக்கு வந்தாள். மறுபடி முன்னுக்குப் போனாள். அதே இடத்தில் நின்றாள்.

"இதில ஒண்டு பிடிக்குது."

"அது கியர்" என்றார் அவர் உடனே. "கீழ்க்காலுக்குள்ள பல்லோட பல்லுப் படுகுது. மேலால சுத்தக் கீழால அதுகும் சேர்ந்து சுத்தும். உனக்குத் தெரியாததோ?"

"ஓம், அதாயும் இருக்கலாம்."

அவள் அதை முகத்துக்காகச் சொல்லவில்லை. அப்படி இருக்கலாம் என்று நினைத்தே சொன்னாள். அவருக்கு அது விளங்கியது. அவளிடம் அவருக்குப் பிடித்த குணமும் அதுதான்.

"அப்ப காலைக் கழட்டிப் பாப்பம்" என்றாள்.

பீப்பாயை இழுத்து அப்பால் வைத்தார்கள். காலைப் பூட்டியிருந்த திருகாணிகள் இறுகிப்போய் இருந்தன. அவர் உதவிக்கு வரவில்லை. வந்தால் அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கால் கழன்று, உள்ளே ஓடுகிற நீளத் தண்டோடு கீழே இறங்கியது. அதை மேசையில் படுக்க வைத்தாள். இப்போது மேலே மெசின் தனியே நின்றது. கியர் இல்லை. பல் இல்லை. குற்றம் சொல்ல வேறொன்றும் இல்லை.

மறுபடி உள்ளங்கைகளை வைத்தாள். மறுபடி சுற்றினாள்.

பேரின்பநாதன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். திரேசம்மா உள்ளே போகவில்லை.

ஜெசிக்கா நின்றாள். அதே இடம்.

துணியொன்றை எடுத்துக் கையைத் துடைத்தாள். தேவைக்கு அதிகமாகத் துடைத்தாள். நீக்கிலாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே சொல்வது நாளைக்குப் பங்கு முழுக்கத் தெரியும். பேரின்பநாதன் நல்லவர், வாய்தான் பூட்டில்லாத வாய். மாமனின் மெசினை மருமகள் வேண்டாமென்றாள் என்று கோயில் வாசலில் சிரிப்பார்கள். அவளுக்கும் இது தெரியும்.

"மாமா" என்றாள். "இது போகாது."

அந்த வீட்டில் அவருக்கு நேரே நின்று அவர் மெசினைப் பற்றி அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

"ஒரு சுத்து. பத்து நிமிசம் வராது. அதுக்கும் தாங்காதோ?"

"தாங்கலாம். தாங்காமலும் விடலாம். நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

"கேக்கிறது உன்ர மாமன்."

"அதுதான் மாமா சொல்லுறன்."

திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டா. எதற்கென்று அவவுக்கே தெரியாது.

நீக்கிலாப்பிள்ளை கிட்டப் போனார். ஜெசிக்கா விலகி இடம் விட்டாள். அவர் சில்லில் கையை வைத்தார். இரும்பு அதற்குள் ஆறிக் குளிர்ந்திருந்தது. கண்ணை மூடினார். சுற்றினார்.

வழுக்கிக்கொண்டு வந்தது. எண்ணெயில் வருவதுபோல் வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது பட்டது. சோற்றில் கல் கடிபட்டதுபோல் ஒன்று. மிகச் சின்னது. காதுக்கு எட்டாதது கையில் ஏறி முழங்கை வரை வந்தது.

நிற்காமல் சுற்றினார். சற்றுத் தள்ளி இன்னொன்று. அதே அளவு தள்ளி இன்னொன்று. அவர் கையை எடுக்கவில்லை. உள்ளே பேரிங்கின் உருளைகள் வரிசையாக நிற்பது அவருக்குக் கண்ணில் தெரிந்தது. ஒவ்வொன்றும் அசையாமல் நின்ற இடத்தில் ஒவ்வொரு பள்ளம்.

"கீழ்ப் பேரிங்" என்றார். "துரு."

"ஓம் மாமா. ஈரம் கீழதானே இறங்கும்."

எங்கிருந்து ஈரம் என்று அவர் கேட்கவில்லை. போன நவம்பரில் மெசினை ஆற்றிலிருந்து எடுத்தார். ஊரில் செய்ததுபோலவே செய்தார். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார். தோளில் ஏற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார். பேசாலையில் எவன் மெசினைக் கரையில் விட்டான்? அங்கே ஒரு இரவு மட்டும் வீட்டுக்குள் இருக்கும். விடிந்தால் கடலுக்குப் போய்விடும். துரு பிடிக்க அதற்கு நேரம் கிடைக்காது. இங்கே அதைப் பேஸ்மென்ரில் உடுப்புக் காய்கிற ட்ரையருக்குப் பக்கத்தில் வைத்தார். சூடு நல்லது என்று. பிளாஸ்ரிக் விரிப்பால் சுற்றிக் கயிற்றால் இறுக்கினார். அதன்மேல் தன் பழைய கம்பளியையும் போர்த்தார். பனிக்காலம் முழுக்க மெசின் விரிப்புக்குள் வேர்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. பிள்ளையைப்போல் பார்த்ததில் வந்த வினை.

ஜெசிக்கா அப்போதே சொன்னாள். மரீனாவுக்குத் தாருங்கோ மாமா, உள்ளுக்கு எண்ணெய்ப் புகை அடிச்சு வைக்கிறன், இஞ்ச எல்லாரும் குளிருக்கு அப்பிடித்தான் செய்யிறவை என்று. அவர் சிரித்தார். "என்ர மெசின் ஆசுபத்திரியில படுக்காது" என்றார்.

இப்போது அவள் அதைச் சொல்வாள் என்று காத்திருந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு சொல். சொல்ல உரிமை இருந்தது. அவள் குனிந்து, கழற்றிய ஆணிகளைப் பொறுக்கி ஒரு ரின்னுக்குள் போட்டாள். கடைசி ஆணியையும் போட்டு மூடினாள்.

அவர் நிமிர்ந்தார். இடுப்பு நாரி கொஞ்சம் நெட்டி முறிந்தது. என்றாலும் முழு உயரத்துக்கு நிமிர்ந்தார்.

"பேரின்பம், கேட்டியா?"

"கேட்டன் அண்ணை."

"என்ன கேட்டனி?"

"மெசின் போகாதாம்."

"ஆர் சொன்னது?"

"ஜெசிக்கா."

"சும்மா ஜெசிக்கா எண்டு சொல்லாதை. நீக்கிலான்ர மருமகள் எண்டு சொல்லு. மாமன்ர மெசினை, மாமன்ர கராச்சுக்குள்ள வைச்சு, மாமன்ர முகத்துக்கு நேர கழிச்சுப்போட்டவள். காரணத்தோட கழிச்சவள். உன்ர வீட்டில அப்பிடி ஒராள் இருக்கோ?"

"என்ர வீட்டில என்னையே கழிச்சு வைச்சிருக்கினம்."

திரேசம்மா சிரித்துவிட்டா. ஜெசிக்காவும் சிரித்தாள். காலையில் இருந்து அப்போதுதான் சிரித்தாள்.

"பேரிங் மாத்தலாம் மாமா" என்றாள். "மெசின் செத்துப்போகேல்லை. பெருநாளுக்குத்தான் சரிவராது. ஒக்ரோபரில ரெண்டு பேருமாத் திறப்பம்."

"திறப்பம். பேந்து நீ சொல்லுற எண்ணெயையும் அடிச்சுவிடு."

பேரின்பநாதன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார்.

"அப்ப என்ன, படகில நிக்கிற என்ர இருபதோடயே போவம். நான் போய் வேலையைப் பாக்கிறன்."

"எங்க போறாய்? அவள் பாக்காமலோ?"

"அண்ணை, அது புதுசு! போன வருசம்தான் பெட்டி உடைச்சனான்."

"எனக்கு முப்பது வருசப் பழக்கம். என்னைக் கழிச்சவள் உன்னைச் சும்மா விடுவாளோ? கொண்டா இஞ்சால."

பேரின்பநாதன் முணுமுணுத்தபடி போனார். படகு வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் கராச் வாசலில் விட்டார். அவருடைய புது மெசின் படகின் பின்பலகையில் பளபளத்துக்கொண்டு இருந்தது. ஜெசிக்கா பிளக்கைக் கழற்றிச் சில்லைச் சுற்றினாள். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு சுற்று. ஒரு தடையுமில்லை. பேரின்பநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீக்கிலாப்பிள்ளையின் முகம் சற்றுத் தொங்கிற்று. அதை அவர் மறைக்கவில்லை.

"இங்கிலீஷும் பாஸ்" என்றார் பேரின்பநாதன்.

ஜெசிக்கா குனிந்து, கீழ்க்காலின் அடியில் இருந்த சின்னத் திருகாணியைக் கழற்றினாள். அங்கே கியர் எண்ணெய் இருக்கும். தேன் நிறத்தில் வரவேண்டும். வந்தது பால்தேத்தண்ணி நிறம்.

பேரின்பநாதன் கட்டிய கையை அவிழ்த்தார்.

"அங்கிள், இதுக்குள்ள தண்ணி போகுது."

"புதுசு, பிள்ளை."

அவள் தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடியைக் கழற்றினாள். பின்னால், தண்டைச் சுற்றி, நைலோன் தூண்டில் நூல் இறுகக் கிடந்தது. மீன் பிடிக்கப் போய் அறுந்த நூல். சுற்றிச்சுற்றி உள்ளே போய், தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையத்தை அரிந்திருந்தது. அவள் அதைக் கத்தியால் வெட்டி எடுத்தாள். நீளமாக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"ஆற்றின்ர நூல் எல்லாம் இஞ்சதான் கிடக்கு" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "பேரின்பம், உனக்கு மீன் படாத காரணம் இப்ப விளங்குது. உன்ர மெசினைத்தான் நீ பிடிச்சிருக்கிறாய்."

ஜெசிக்கா தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆட்டமில்லை. சுற்றிப் பார்த்தாள். உறுத்தலில்லை.

"பேரிங்குக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்லை. கெதியாப் பிடிச்சிட்டம். திங்கக்கிழமை மரீனாவில வளையம் எடுத்துவந்து போடுறன். எண்ணெயையும் மாத்துறன். பேந்து ஆற்றில ஓட்டிப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"இப்பவே சொல்லன் பிள்ளை, போகும்தானே?"

"ஓட்டிப் பாத்திட்டுச் சொல்லுறன், அங்கிள்."

நீக்கிலாப்பிள்ளை வடைத் தட்டை எடுத்துப் பேரின்பநாதனிடம் நீட்டினார்.

"சாப்பிடு. இங்கிலீஷுக்கு இன்னும் றிசல்ட் வரேல்லை."

பெருநாளுக்கு ரொறன்ரோவில் இருந்தும் பஸ்கள் வந்தன. பூசை முடிந்து சனம் ஆற்றங்கரைக்கு நடந்தது. படகைச் சுற்றிக் கடதாசிப் பூவும் வாழையும் கட்டியிருந்தார்கள். வாழை எங்கிருந்து வந்தது என்று நகரசபை ஆள் ஒருவர் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டு திரிந்தார். நாலு இளந்தாரிகள் சுரூபத்தைத் தூக்கிவந்து படகின் நடுவில் இறக்கிக் கட்டினார்கள். பங்குத்தந்தை வெள்ளை அங்கிக்கு மேலே செம்மஞ்சள் மிதவைச்சட்டை போட்டிருந்தார். எல்லா வாரையும் இறுக்கியிருந்தார்.

பேரின்பநாதன் படகுக்குள் முன்னே போய் இருந்துகொண்டார். பின்னால், ஜெசிக்கா புது வளையம் போட்டு ஆற்றில் ஓட்டிப் பார்த்த மெசினடியில், சுக்கான் பிடிக்கிற இடம் வெறுமையாக இருந்தது.

"என்னடா, உன்ர மெசின், உன்ர படகு" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"நீங்கள் பிடியுங்கோ அண்ணை. எனக்கு மாதாவை ஏத்தி ஓடிப் பழக்கமில்லை. எங்கட ஆக்களுக்குத் தேர்தான்."

நீக்கிலாப்பிள்ளை ஏறி இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

ரொறன்ரோவில் இருந்து வந்த பேசாலைக்காரர் ஒருவர் கரையில் நின்று எட்டிப் பார்த்தார். நீக்கிலாப்பிள்ளையின் மெசினைப் பற்றி அங்கேயும் கேள்விப்பட்டிருந்தார்.

"நீக்கிலா, இதுதானோ உன்ர மெசின்?"

ஓம் என்றால் போதும். அந்த ஆள் பின்னேரம் பஸ் ஏறிப் போய்விடுவார்.

"இல்லை" என்றார் நீக்கிலாப்பிள்ளை. "என்ர மெசின் கராச்சுக்குள்ள நிக்குது. என்ர மருமகள் கழிச்சுப்போட்டாள்."

"மருமகளோ?"

"மருமகள்தான். பேரிங் பழுது எண்டு கையால தடவிச் சொன்னவள். உங்க ரொறன்ரோவில அப்பிடி ஆள் இருந்தா எனக்கு ரெலிபோன் பண்ணு."

பங்குத்தந்தை ஒரு காலைப் படகில் வைத்தார். மற்றக் கால் துறைப்பலகையில் நின்றது. அதை எடுக்கவில்லை. கையில் ஒலிவாங்கி இருந்தது.

"எல்லாம் சரிதானே?" என்று நீக்கிலாப்பிள்ளையைக் கேட்டார். ஒலிபெருக்கியில் அது ஆறு முழுக்கக் கேட்டது.

சனம் அவரைப் பார்த்தது. மெசினைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்கிறவர் அவர். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

"என்னைக் கேளாதையுங்கோ சுவாமி" என்றார். "அங்க நிக்கிறாள்."

துறைப்பலகையில், பெண்களோடு பெண்ணாக, பச்சைப் பட்டுச்சீலையில் ஜெசிக்கா நின்றாள். எல்லாத் தலையும் திரும்பியது. அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஒருக்கா ஸ்ராட் பண்ணுங்கோ, மாமா."

அவர் கயிற்றை இழுத்தார். மெசின் பிடித்தது. அவள் துறைப்பலகையில் முழங்காலில் இருந்தாள். பட்டுச்சீலை ஈரத்தில் படுகிறதென்று பின்னால் ஒரு பெண் சத்தம் போட்டா. அவள் திரும்பவில்லை. கையை எட்டி மெசின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள். தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தாள்.

பாட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார்கள். பங்குத்தந்தை ஒரு கால் படகிலும் ஒரு கால் பலகையிலுமாக நின்றார். சனம் மெழுகுதிரியோடு நின்றது. பூவுக்குள் மாதா நின்றா. நீக்கிலாப்பிள்ளை மெசினைக் கேட்க முயலவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு ஊர் முழுக்க, மாதாவோடு சேர்ந்து, தன் மருமகளின் வாயைப் பார்த்து நிற்கிறது என்று நினைத்தார். அவள் அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டாள். அவசரப்படாதே பிள்ளை என்று அவரும் மனதுக்குள் சொன்னார். நிற்கட்டும்.

அவள் எழும்பினாள்.

"போகும்" என்றாள்.

நீக்கிலாப்பிள்ளை கியரைப் போட்டார்.